பற்றிய திருக்கரம்



சேக்கிழார் பெருமான் பாடிய பெரியபுராணத்திலே வரும் நாயன்மார்களுள் ஒருவர் அரிவாட்டாய நாயனார். சோழநாட்டுக் கணமங்கலத்து வேளாளர். தாயனார் என்பது அவர் பெயர். செந்நெல் அமுதும் கீரையும் மாவடுவும் நாள்தோறும் சிவபெருமானுக்குப் படைப்பதே அவர் செய்த தொண்டு.

காலம் மாறியது. செல்வம் முழுவதும் போயிற்று. நிலமுடையவராய் வாழ்ந்தவர் பிறர் வயலிலே கூலிக்கு நெல்லறுத்தார். கூலியாய்க் கிடைத்த செந்நெல்லைப் பெருமானுக்கென்று வைத்தபின் வீட்டில் மிஞ்சியது கொல்லைக் கீரை. அதுவும் தீர்ந்தபின் கணவனும் மனைவியும் தண்ணீரைக் குடித்து வாழ்ந்தார்கள். ஒருநாள் படையலைச் சுமந்து செல்லும் வழியில், பசிக்களைப்பால் கால் தளர்ந்து விழுந்தார். கூடையில் இருந்தவை நிலவெடிப்பிலே சிந்தின. இனி நான் இருந்தென்ன என்று அரிவாளைத் தம் கழுத்திலே பூட்டினார். அப்போது வெடிப்பினுள்ளிருந்து பெருமானின் திருக்கரம் நீண்டு அவர் கையைப் பற்றியது. மாவடு கடிக்கும் ஓசையும் கேட்டது.

இதைப் பக்தியின் உறுதிக்கு உதாரணமாகவே நாம் கேட்டு வந்திருக்கிறோம். அது சரியே. ஆயினும் இது ஓர் உழவனின் கதையும் அன்றோ? நிலம் போனது, மானம் குன்றியது, பசி வந்தது. அத்தனையையும் தாங்கியவரை ஒருநாள் நேர்ந்த சிறு தவறு வீழ்த்தியது. பெருமான் அவரை "ஏன் செய்தாய்?" என்று கேட்கவில்லை. முதலில் கையைப் பிடித்தார். பிறகு, சிந்திய உணவை ஏற்று, "உன் தொண்டு வீண்போகவில்லை" என்று உணர்த்தினார்.

தாயனார் வாழ்ந்த அதே சோழநாட்டிலே 2016ஆம் ஆண்டு மேட்டூர் அணை ஜூனில் திறக்கப்படாமல் செப்டம்பரிலேதான் திறக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையும் 62 விழுக்காடு குறைந்தது. கருகிய பயிரைக் கண்டு பல உழவர் உயிர் துறந்தனர். 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இந்தியா முழுவதும் 2022ஆம் ஆண்டில் மட்டும் 11,290 உழவரும் விவசாயக் கூலிகளும் தம்மைத்தாமே மாய்த்துக்கொண்டதாக அரசின் குற்றப்பதிவுக் கணக்கு சொல்கிறது.

இந்நாட்டில் மட்டும் என்ன? ஒஷாவாவிலிருந்து வடக்கே போர்ட் பெரி பக்கம் போனால் பரந்த வயல்களையும் மாட்டுப் பண்ணைகளையும் காண்கிறோம். செழிப்பாகத்தான் தெரிகிறது. ஆனால் குவெல்ஃப் பல்கலைக்கழகம் 2015-16இல் கனடிய விவசாயிகளிடம் நடத்திய ஆய்வில், நூற்றுக்கு 45 பேர் கடும் மன அழுத்தத்தில் இருந்தது தெரியவந்தது. மழையும் விலையும் கடனும் எந்த மண்ணிலும் ஒன்றுதான்.

ஆயினும் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. தற்கொலை மிகுந்த நாடுகளில் ஒன்றாக 1995இல் இலங்கை இருந்தது. பயிருக்கு அடிக்கும் நஞ்சு மருந்துகளுள் மிகக் கொடியவற்றை அந்த ஆண்டு முதல் படிப்படியாகத் தடைசெய்தார்கள். விளைச்சல் குறையவில்லை, தற்கொலை விகிதமோ ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பினர், காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் வேறொரு வழி கண்டார்கள். நஞ்சை வீட்டில் வைக்காமல், ஊர்ப்பொதுவிடத்தில் வங்கிப் பெட்டகம்போல் பூட்டி வைக்கச் செய்தார்கள். அங்கும் சாவுகள் குறைந்தன.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? அந்த ஒரு கணத்தைக் கடக்க ஒரு கை உதவினால், பலர் வாழ்ந்துவிடுகிறார்கள். சாக நினைப்பவர் எல்லோரும் வாழ்வை வெறுத்தவர் அல்லர். தாங்கமுடியாத வேதனை நீங்கவேண்டும் என்றே தவிக்கிறார்கள்.

அடியார்களே! நம்மில் பலர் தோட்டம் செய்த வீட்டுப் பிள்ளைகள். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் இறைத்து வளர்ந்தவர்கள். இன்றும் ஊரிலே அண்ணனோ மைத்துனனோ வயல் செய்கிறார். தொலைபேசியில் "காசு கிடைத்ததா?" என்று கேட்கிறோம். "நித்திரை வருகிறதா? சாப்பாடு இறங்குகிறதா? மனம் எப்படி இருக்கிறது?" என்றும் கேட்போம். "சாகலாம்போல் இருக்கிறதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் வந்துவிடாது. மனம் சோர்ந்தவரை "விசர்" என்று சொல்லி ஒதுக்குவதும், "விதி", "பாவம்" என்று தீர்ப்புச் சொல்வதும் சைவர்க்கு அழகல்ல. இறந்தவரின் குடும்பத்தைக் கோயிலில் கண்டும் காணாமல் போவதும் அவ்வாறே. வைத்தியரிடம் போவது இறைநம்பிக்கைக்கு விரோதமும் அன்று. மருந்தும் அவன் தந்ததே.

உதவி வேண்டுவோர் கனடாவில் 988, இலங்கையில் 1926, இந்தியாவில் 14416 ஆகிய இலக்கங்களை எந்நேரமும் அழைக்கலாம். இவற்றை வீட்டிலே எழுதி வையுங்கள்.

நீண்ட அந்தத் திருக்கரம் இன்று நம் கைகள் வழியாகவே நீளவேண்டும். ஏர் பிடித்த கைகள் சோராதிருக்க எல்லாம்வல்ல சிவபெருமானை வேண்டுவோமாக.

திருச்சிற்றம்பலம்.