பக்கத்து வீட்டுத் தேங்காய்

பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்து ஒரு வருஷம்கூட ஆகாத பையனுக்கு மாலத்தீவில் வாத்தியார் வேலை கிடைத்தது. எனக்குத் தெரிந்த குடும்பம். அம்மா பாயசம் வைத்தார். அக்கா சூட்கேஸ் வாங்கிக் கொடுத்தாள். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டரான தாத்தா மட்டும் ஒரு கேள்வி கேட்டார். ''ஏம்ப்பா, நம்மூர்ல பிள்ளைங்க எல்லாம் படிச்சு முடிச்சாச்சா?''

பையன் சம்பளத்தைச் சொன்னான். அது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று அவனுக்கே தெரியும்.

தாத்தா கேட்டது புதுக் கேள்வி அல்ல. 13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், இலக்கணப் புத்தகம்தான். ஆனால், எழுத்தையும் சொல்லையும் தொடுவதற்கு முன்பே, யார் ஆசிரியர், யார் இல்லை என்று பிரித்து வைத்துவிடுகிறது. ஆசிரியராக இருக்கத் தகாதவருக்கு அது சொல்லும் உவமைகளில் ஒன்று, முடத்தெங்கு. அதாவது, வளைந்த தென்னை. தண்ணீர் ஊற்றுவது நாம். காய் விழுவது பக்கத்து வீட்டில்!

அரசுப் பள்ளி, உதவித்தொகை, அரசுக் கல்லூரி என்று இந்த ஊர்த் தண்ணீரில் வளர்ந்துவிட்டு, கடல் தாண்டிப் போய்ப் பாடம் நடத்துகிறவர் முடத்தெங்குதானே?

அப்படித்தான் தோன்றும். ஆனால், தென்னை ஏன் வளைகிறது என்று தோப்புக்காரரைக் கேட்டுப் பாருங்கள். தலைக்கு மேலே நிழல் அடித்தால், வெளிச்சம் இருக்கிற பக்கம் சாயத்தான் செய்யும் என்பார். 2013-ல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியும் வேலை கிடைக்காதவர்களில் பலர், வருஷக்கணக்கில் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தார்கள். சின்னத் தனியார் பள்ளிகள் பலவற்றில் கொடுக்கிற சம்பளம், வாடகைக்கும் பஸ்ஸுக்குமே சரியாகப் போய்விடும். மரத்தைத் திட்டுவதற்கு முன்னால், நிழலையும் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

சரி, காய் விழுகிற அந்தப் பக்கத்து வீட்டையும் எட்டிப் பார்ப்போம். திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 600 கிலோ மீட்டரில் இருக்கிறது மாலே. அந்த நாட்டில் சுமார் 1,200 தீவுகள். ஜனங்கள் வசிப்பது 190 தீவுகள் அளவுக்குத்தான். சில தீவுகளில் மொத்தமே சில நூறு பேர். நம்மூரில் ஒரு தெருவில் அவ்வளவு பேர் இருப்பார்கள். ஆனாலும், அங்கேயும் பள்ளிக்கூடம் வேண்டும். கணக்குக்கும் சயின்ஸுக்கும் ஆள் வேண்டும். பெரும்பாலான பாடங்கள் இங்கிலீஷில். உள்ளூரில் ஆள் போதாததால், கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பல வருஷங்களாக ஆசிரியர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அங்கே எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அல்ஜீப்ரா புரிய வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை என்பதால் அவளுக்குப் பசி குறைவா என்ன?

நாமும் ஒரு காலத்தில் பக்கத்து வீடுதான். ஜி.யு.போப் 1839-ல் கப்பலில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 19. மதம் பரப்ப வந்தவர்தான். ஆனால், சாயர்புரத்தில் பள்ளிக்கூடம் நடத்தினார். தமிழ் படித்தார். 1886-ல் திருக்குறளை இங்கிலீஷில் கொண்டுவந்தார். அந்த இங்கிலீஷ் தென்னையை நாம் முடத்தெங்கு என்று சொல்லவில்லை. மெரினாவில் சிலை வைத்தோம்.

ஆக, எந்த ஊரில் பாடம் நடத்துகிறார் என்பதல்ல விஷயம். போகிற இடத்தில் எப்படி இருக்கிறார் என்பதுதான்.

நல்லாசிரியருக்கு நன்னூல் நான்கு உவமைகள் சொல்கிறது. நிலம், மலை, தராசு, பூ. இதில் நிலமும் மலையும் நகராது. ஓரிரு வருஷ ஒப்பந்தத்தில் போகிறவர் அதுவாக இருப்பது கஷ்டம். ஆனால், தராசையும் பூவையும் எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். எந்த ஊர்ச் சந்தையிலும் தராசு தராசுதான்.

ஒரு நிபந்தனை, தராசின் ஒரு தட்டில் ஏற்கெனவே கல் இருக்கக் கூடாது. வட்டிக்கு வாங்கி ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டுப் போகிற பையன், போர்டில் சமன்பாடு எழுதும்போதும் மனசுக்குள் வட்டிதான் போடுவான். பாவம், அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால், நஷ்டம் அந்தப் பெண்ணுக்கு. ஏஜென்ட் 1983-ம் வருஷக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றவரா, எவ்வளவு கேட்கிறார், ஒப்பந்தத்தில் சம்பளமும் தங்குமிடமும் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது வெறும் சொந்த ஜாக்கிரதை இல்லை. மாணவிக்குச் செய்கிற முதல் மரியாதையே அதுதான்.

அடுத்த மரியாதை, அவள் எழுத்தைக் கற்றுக்கொள்வது. திவேஹி மொழியின் எழுத்துக்குப் பெயர் தானா. வலமிருந்து இடமாக எழுதுவார்கள். அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபி எண்களிலிருந்து பிறந்தவை. எண்களே எழுத்தான மொழி! கணக்கு வாத்தியாருக்கு இதைவிட நல்ல வரவேற்பு எங்கே கிடைக்கும்? ஆனால், 'ரெண்டு வருஷம்தானே, எதுக்கு?' என்று நினைப்பவர் கண்ணில் இது படாது. அவர் வகுப்பறையை வெயிட்டிங் ரூமாக ஆக்கிவிட்டார். வெயிட்டிங் ரூமில் யாரும் யார் பெயரையும் கேட்டுக்கொள்வதில்லை.

அப்படிப் பெயர் தெரியாமல் இருக்க உள்ளூர்க்காரராலும் முடியும். சொந்த ஊரிலேயே, சொந்தத் தெருப் பிள்ளைகளுக்கே, முப்பது வருஷம் வெயிட்டிங் ரூம் நடத்தி ரிட்டையர் ஆனவர்கள் இல்லையா?

போகிறவர்கள் போய்ட்டு வாங்க. திரும்பும்போது பெட்டியில் மாசிக் கருவாட்டை அடுக்குவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒரு நோட்டு எடுங்கள். எந்தப் பிள்ளைக்குப் பின்னம் தகராறு, எவன் புரியாமலே தலையாட்டுவான், யாருக்குக் கடைசி பெஞ்சிலிருந்து போர்டு தெரியவில்லை, எல்லாவற்றையும் எழுதி அடுத்து வருகிறவருக்கு வைத்துவிட்டு வாருங்கள். அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தால் என்ன?