தொண்டுக்கு ஒரு பட்டமா?

மணலி புதுநகரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் வண்டியை வரிசையில் போட்டுவிட்டு இரவெல்லாம் காத்துக் கிடந்து, விடிந்த பிறகு கண் சிவக்க வீடு திரும்புகிற மனிதர். அவர் ஒரு நாள் மாலை என் வீட்டுப் படியேறி வந்து, உட்காராமலே ஒரு வழக்கை என் முன்னால் வைத்தார்.

"சார், நம்ம பொண்ணு பி.காம். முடிச்சிடுச்சு. மேல எம்.எஸ்.டபிள்யூ. படிக்கணும்னு நிக்குது. அது இன்னா படிப்புன்னு கேட்டா, சேவை செய்யறதுக்குப் படிப்பாம். தொண்டு நிறுவனத்தை நடத்தற வேலைக்குப் போவுமாம். சேவை செய்யறதுக்கு எதுக்கு சார் காலேஜு? சேவைக்கு எவனாவது சம்பளம் வாங்குவானா? நீங்களே சொல்லுங்க."

நான் கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்டவன். பட்டங்களின் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகமும், உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் பொறாமையும் உண்டு. ஆகவே அவர் பக்கமே சாய்ந்து தலையாட்டினேன். "தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கப் பாடப்புத்தகமா வேண்டும்?" என்று ஒரு வாக்கியத்தையும் உதிர்த்தேன். கதை எழுதுகிறவனுக்கு இந்த மாதிரி வாக்கியங்களுக்குப் பஞ்சமே கிடையாது. மனிதர் திருப்தியோடு போய்விட்டார். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. நான் சொன்னது பொய் என்று எனக்கே தெரிந்திருந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் கொசஸ்தலையாறு பொங்கி, தெருக்கள் குளமாகிவிட்டன. எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து, மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப் போனது அந்த நாட்களில்தான். நான் மாடியில் குடியிருப்பவன்; என் புத்தகங்கள்கூட நனையவில்லை. அந்தக் கூச்சத்தினாலோ என்னவோ, நண்பர்களைப் பிடித்து இருநூறு சாப்பாட்டுப் பொட்டலங்கள் வரவழைத்தேன். வேன் தெருமுனையில் நின்றது. அதற்கு மேல் தண்ணீர். நீண்ட கைகளில் எல்லாம் கொடுத்தோம். அரை மணியில் தீர்ந்துவிட்டது. ஒரு நண்பர் படமும் எடுத்தார். வீடு திரும்பி நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். சமூகப்பணி மாணவி என்று சொன்னாள். முழங்கால் வரை ஈரம், கையில் பாலிதீன் உறை போட்ட ஒரு நோட்டு. அவளிடம் பொட்டலம் ஏதும் இல்லை. அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "சார், இந்தத் தெருவில் வெளியே வர முடியாதவங்க யார் யார் இருக்காங்க?"

எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷம் அந்தத் தெருவில் இருந்தவனுக்குத் தெரியவில்லை! எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில், பக்கவாதத்தில் விழுந்த ஒருவரும் அவர் மனைவியும் இரண்டு நாளாக ரொட்டித் துண்டோடு இருந்தார்கள். கட்டிலின் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தி, கணவரை அதன் மேல் கிடத்திவிட்டு, அந்த அம்மாள் தண்ணீரில் நின்றிருக்கிறாள். என் வேனை நோக்கி நீள அவர்களுக்குக் கை இல்லை. நான் நீண்ட கைகளுக்குக் கொடுத்தேன். அவள் நீளாத கைகளைத் தேடினாள். அந்தக் கேள்வி அவளுக்குக் கருணையினால் மட்டும் வந்ததா? என்னிடமும் கருணை இருந்தது, இருநூறு பொட்டலம் அளவுக்கு. கேள்வியை அவளுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

இதே கடற்கரையில் 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் இதைத்தான் பார்த்தோம். எர்ணாவூர்க் கரையில் வாளி வாளியாக அந்தக் கசட்டை அள்ளியவர்களில் எத்தனை இளைஞர்கள்! பலர் கையில் உறைகூட இல்லை. மனசு இருந்தது. ஆனால் அது உடம்புக்கு ஆகாத சரக்கு, முதலில் கைக்கு உறை போடு என்று சொல்வதற்கு மனசு போதாது. விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும். தலைமை என்றால் மேடையில் நடுநாற்காலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அன்றைக்குக் கையுறை எங்கே கிடைக்கும் என்று அறிந்தவர்தான் தலைவர்.

சரி, சம்பளம்? எதிர்வீட்டுக்காரரின் இரண்டாவது கேள்வி முதலாவதைவிடக் கடினமானது. நம்முடைய மனசில் தொண்டு என்றால் காவியோ, கதரோ, பசியோ ஏதாவது ஒன்று கூட வந்தாக வேண்டும். மாதச் சம்பளம் என்றதும் முகம் சுளிக்கிறோம். யோசித்துப் பாருங்கள்: சம்பளம் இல்லாமல் காலம் முழுவதும் தொண்டு செய்ய யாரால் முடியும்? சொத்து உள்ளவரால் முடியும், துறவியால் முடியும். லாரி ஓட்டுகிறவர் மகளால் முடியாது. அப்படியானால் தொண்டு என்பது வசதி படைத்தவர்களின் குத்தகையா? ஏழை வீட்டுப் பெண் எந்நாளும் வாங்கும் வரிசையில்தான் நிற்க வேண்டுமா?

இந்த ஊரில் 1952-ஆம் ஆண்டு சென்னை சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கியவர் மேரி கிளப்வாலா ஜாதவ். பார்ஸி குடும்பத்துப் பெண்மணி. இளம் வயதில் கணவரை இழந்து, பொதுத்தொண்டில் இறங்கியவர். இரண்டாம் உலகப் போரின்போது போர்வீரர்களுக்காகப் பெரிய அமைப்பையே கட்டி நடத்தியவர். அவர் தொண்டைத் தொடங்கிய நாளில் தென்னாட்டில் சமூகப்பணிக்குக் கல்லூரியே கிடையாது. வேலையில் விழுந்து எழுந்துதான் கற்றுக்கொண்டார். எல்லோரும் என்னைப் போலவே செய்யட்டும் என்று அவர் சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை, கல்லூரி வைத்தார். அதற்கும் முன்பே, 1936-ல் பம்பாயில் டாட்டா அறநிதியால் எழுந்த சமூகப்பணிப் பள்ளி, நாக்பாடா என்ற நெருக்கடியான ஏழைப் பேட்டையில்தான் ஆரம்பமாயிற்று. இடத்தைத் தேர்ந்தெடுத்ததே ஒரு பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவும் யோசித்த பிறகு அந்தப் பெண்ணுக்காக வாதாட நான் தயாராகிவிட்டேன். ஆனால் இன்னொரு சம்பவத்தை மறைத்தால் அது நியாயமாகாது.

நோட்டு வைத்திருந்த பெண் பத்துப் பதினைந்து நாள் வந்தாள். மருந்து வந்தது, கட்டில் விரிப்பு வந்தது. மூத்தவர் ஒருவர் வந்து விவரம் எழுதிக்கொண்டு போனார். "பயனாளி" என்ற சொல்லை நான் அன்றுதான் நேரில் கேட்டேன். பிறகு திட்டம் முடிந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து ரேஷன் கடை வாசலில் அந்த அம்மாள் என்னை நிறுத்திக் கேட்டாள்: "அந்த நோட்டுப் பாப்பா இனிமே வராதாங்க? அவரு அதையே கேட்டுக்கினு கெடக்காரு."

என்ன பதில் சொல்வேன்? அந்தப் பெண் மேல் குற்றம் இல்லை. வேறு ஊரில் வேறு வெள்ளம் இருக்கும், பரீட்சையும் இருக்கும். ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைய வேண்டும் என்று அவளுக்குக் கற்பித்திருந்தார்கள், மிக நன்றாகவே. எப்படி விடைபெறுவது என்பதற்குப் பாடம் இருந்ததா? நாலு வீடு தள்ளி இருக்கும் எனக்குப் பாடமே தேவையில்லை. நான் போயிருக்கலாம். மூன்று மாதத்தில் ஒரு தடவையும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். அவர் முகத்தில் பழைய திருப்தி. நான் அவர் கட்சி என்று நம்பி வந்திருக்கிறார். நான் என் தண்ணீர் வாக்கியத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன். பொட்டலம், நோட்டு, ரேஷன் கடை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. "லைசென்ஸு இல்லாம வண்டிய எடுத்தா நாலு பேரு சாவுறான். இதுவும் அப்படித்தானா சார்?" என்றார் கடைசியில்.

மகள் விண்ணப்பத்தை என்னிடம் நீட்டினாள். "இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறீர்கள்?" என்ற கேள்விக்கு நேரே, தலைமைப் பண்பை வளர்த்துக்கொண்டு சமுதாயத்துக்குச் சேவை செய்ய என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். நான் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"அந்தத் தாத்தா வீடு எது அங்கிள்?" என்று கேட்டாள்.

சொன்னேன். அப்பாவைப் படியிலேயே விட்டுவிட்டு அவள் இறங்கிப் போனாள். செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.