மூடியைத் திறக்காத மூன்று நாள்

சித்திரை வெயிலில் திண்டுக்கல் சமவெளி 38 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொட்டுவிடும். காடை முட்டை பொரிப்பதற்கு வேண்டிய சூடு 37.5 டிகிரி. அப்படியானால் சிறுமலையைப் பார்த்தபடி நத்தம் சாலையில் இருக்கும் சாணார்பட்டியில் ஒரு தட்டு முட்டையைத் திண்ணையில் வைத்தாலே குஞ்சு வந்துவிட வேண்டாமா? வராது, கூமுட்டைதான் மிஞ்சும். கருவுக்கு வேண்டியது வெறும் சூடு அல்ல, மாறாத சூடு. நடுப்பகலில் ஏறி விடியற்காலையில் இறங்கும் வெப்பத்தில் கரு தொடங்கும், தேங்கும், பிறகு செத்துப்போகும். அடைக்கென்று சேர்த்த முட்டையை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அதையும் குளிர்ச்சியான இடத்தில்தான் வைக்க வேண்டும் என்பது இதனால்தான். ஏறக்குறைய 21 டிகிரியைத் தாண்டினாலே கரு மெல்லக் கண்விழிக்கிறது. இயந்திரத்தில் அடுக்கும் வரை முட்டை நமக்காகக் காத்திருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது யாருக்காகவும் காத்திருப்பதில்லை. காத்திருக்கக் கடமைப்பட்டவர்கள் நாம்தான். அந்தக் கடமை சும்மா இருப்பதும் அல்ல, சதா எதையாவது செய்துகொண்டிருப்பதும் அல்ல. எந்த நாள் வரை கை வைக்க வேண்டும், எந்த நாளில் கையை எடுக்க வேண்டும் என்று அறிவதே காத்திருப்பு. இரண்டில் கையை எடுப்பதுதான் கடினம்.

இந்தப் பொறுப்பு நம் தலையில் விழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பண்ணைகளில் வளர்வது ஜப்பானியக் காடை. 1974இல் இந்தியாவுக்கு வந்த இனம். சென்னை நந்தனத்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய நந்தனம் காடையும் இதன் வழிவந்ததே. முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்ததில் இந்தப் பறவை அடைகாக்கும் குணத்தை ஏறக்குறைய மறந்துவிட்டது. ஆறு ஏழு வாரத்திலேயே முட்டையிடத் தொடங்கும். ஆனால் அவயத்துக்கு உட்காராது. தாய் மறந்த வேலையைத் தெர்மாகோல் பெட்டியோ பெரிய இன்குபேட்டரோ செய்கிறது. நாட்டுக்கோழிக்கு 21 நாள், இதற்கு 17 அல்லது 18 நாள். முதல் 14 நாள் கைக்கு வேலை இருக்கிறது. பத்து கிராம் எடையுள்ள அந்தப் புள்ளிபோட்ட முட்டையை நாளுக்குப் பல முறை உருட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்க் கிண்ணம் வற்றக் கூடாது. கரண்ட் போனால் பெட்டியைத் திறந்து பார்க்காமல் சாக்கைப் போர்த்திச் சூட்டைக் காக்க வேண்டும். சற்றுக் குளிர்ந்தாலும் கரு தாங்கும், சூடு கூடினால் தாங்காது. வெப்பமானி இல்லாத காலத்தில் எகிப்தின் மண் சூளைகளில் முட்டை பொரித்தவர்கள், முட்டையைக் கண்ணிமையில் வைத்து அதன் சூட்டைக் கணித்தார்கள். கவனம் என்பதற்கு அதைவிட நல்ல படம் கிடைப்பது அரிது.

பதினைந்தாம் நாள் முதல் கதை மாறுகிறது. இனி உருட்டக் கூடாது. ஈரப்பதத்தைக் கூட்டிவிட்டு மூடியைச் சாத்திவிட வேண்டும். உள்ளே குஞ்சு முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையைக் கிழித்து முதல் மூச்சை எடுக்கிறது. மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதுவரை மூச்சுக்கு உதவிய சவ்வின் இரத்தக் குழாய்கள் வற்றத் தொடங்குகின்றன. ஓட்டில் ஒரு விரிசல் விழும். பிறகு மணிக்கணக்கில் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பெட்டியின் முன் நிற்பவருக்கு அது வெறுமை. உள்ளே அதுதான் உச்சக்கட்ட வேலை. இன்னொன்றும் நடக்கிறது. 1960களில் மார்கரெட் வின்ஸ் என்ற ஆய்வாளர் காடை முட்டைகளை ஆராய்ந்து காட்டியது இது: பொரியும் தறுவாயில் இருக்கும் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளிருந்தே 'டிக் டிக்' என ஒலி எழுப்புகின்றன, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் முட்டைகளில் பின்தங்கியது அதைக் கேட்டு விரைகிறது, அதனால் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரிகின்றன. நாம் கைகொடுக்கத் துடிக்கும் அதே வேளையில் அவை தமக்குள் கைகொடுத்துக்கொண்டிருக்கின்றன. அப்போது மூடியைத் திறந்தால் ஈரம் பறந்துவிடும், சவ்வு உலர்ந்து குஞ்சின் உடம்பில் இறுகும். ஓட்டை உரித்துவிட்டால் இன்னும் வற்றாத குழாய்களிலிருந்து இரத்தம் கசியும். இதைச் செய்கிறவர் கொடியவர் அல்ல. பெரும்பாலும் பாசம் மிகுந்தவர். ஆனால் அந்த நேரத்தில் மூடியைத் திறக்கச் சொல்வது குஞ்சின் தேவையா, பார்க்கிறவரின் தவிப்பா என்று கேட்டால் விடை தெளிவு.

சில குஞ்சுகள் உதவியில்லாமல் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகின்றனவே, விட்டுவிடுவது எப்படிக் கருணையாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அனுபவம் உள்ளவர்கள் நெடுநேரம் கழித்து, குழாய்கள் வற்றிய அடையாளம் கண்டு, ஓட்டைத் துளி நீக்குவதும் உண்டு. கவனித்துப் பார்த்தால் அது காத்திருப்புக்கு எதிரான செயல் அல்ல. காத்திருந்து அடையாளம் படித்தவருக்கு மட்டுமே வாய்க்கும் செயல். பரபரப்பில் நீட்டும் கையும் பார்த்து நீட்டும் கையும் வெளியிலிருந்து ஒன்றுபோல் தெரியும், விளைவில் ஒன்றல்ல.

முட்டையிடம் கற்றதை மனிதர்களுக்குப் பொருத்திப் பார்த்தால், இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று எழும்: பிள்ளை முட்டை அல்ல. முட்டைக்கு 17 நாள் என்று கெடு இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் மகளுக்கும், வேலை தேடும் மகனுக்கும், துக்கத்திலிருந்து எழ முடியாத நண்பனுக்கும் எந்த நாட்காட்டி கெடு சொல்கிறது? ஒப்புக்கொள்ள வேண்டிய வேறுபாடுதான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்லிவிட்டு எதையும் பார்க்காமல் இருந்துவிடுவதற்கு முட்டை சாட்சி சொல்லாது. முதல் 14 நாள் உருட்டாதவருக்கு எவ்வளவு பொறுத்தாலும் குஞ்சு கிடைக்காது. ஆனால் கெடு இல்லாத இடத்தில்தான் அடையாளத்தைப் படிக்கும் பழக்கம் இன்னும் அதிகம் தேவைப்படுகிறது. பிள்ளை தானாகவே ஒரு விரிசலைப் போட்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். போட்டிருந்தால், நேற்று வரை உருட்டிய கை இன்று ஒதுங்க வேண்டும். நாளுக்கு நாலு முறை "படிச்சியா?", "பதில் வந்துச்சா?" என்று கேட்பதும் மூடியைத் திறந்து பார்ப்பதுதான்.

அடுத்த முறை அப்படிக் கேட்க வாய் திறக்கும்போது, இது யாருடைய தவிப்பைத் தணிக்க என்று ஒரு கணம் யோசியுங்கள். நம்முடையதைத்தான் என்றால், மூடி மூடியபடியே இருக்கட்டும்.