யூதர் ஏன் ஏற்கவில்லை?



திருவருகைக் காலம் தொடங்கியதும் நமது ஆலயங்களில் இசையாஸ் இறைவாக்கினரின் குரல் ஒலிக்கத் தொடங்குகின்றது. கருத்தாங்கும் கன்னியைப் பற்றியும், ஈசாயின் அடிமரத்தில் துளிர்க்கும் தளிரைப் பற்றியும் கேட்கின்றோம். மிக்கேயாஸ், பெத்லகேமை ஊர்ப்பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றார். பெரிய வெள்ளியன்று, நமது பாவங்களைச் சுமந்து நொறுக்கப்பட்ட ஊழியனின் வரலாறு வாசிக்கப்படுகின்றது. இவற்றையெல்லாம் கேட்கும் சிறுவன் ஒருவன் மறைக்கல்வி வகுப்பில் எழுந்து, இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருந்தும் யூதர் ஏன் இயேசுவை மெசியாவாக ஏற்கவில்லை என்று கேட்பது இயல்பே.

அவனுக்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் பதில், அவர்கள் கல்நெஞ்சர், கண்ணிருந்தும் குருடர் என்பதாகும். சொல்வதற்கு எளிதான பதில்தான். ஆனால் அது உண்மையா? அது நீதியா?

இந்தக் கேள்வியை அறிஞரின் ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கிவிட முடியாது. அந்த எளிதான பதிலுக்காக இரத்தம் சிந்தப்பட்டிருக்கின்றது. 1096இல் முதலாம் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள், ரைன் நதிக்கரையிலுள்ள வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதக் குடும்பங்களை வெட்டி வீழ்த்தின. 1290இல் இங்கிலாந்திலிருந்தும், 1492இல் ஸ்பெயினிலிருந்தும் யூதர் துரத்தப்பட்டனர். நமது நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே ஹிட்லரின் ஆட்சி ஏறக்குறைய 60 இலட்சம் யூதரைக் கொன்றொழித்தது. ஹிட்லரின் கொள்கை இனவெறிக் கொள்கை; கிறிஸ்துவின் போதனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆயினும், தலைமுறை தலைமுறையாக யூதரைச் சபிக்கப்பட்டோர் என்று கேட்டுப் பழகிய கிறிஸ்தவரில் பலர், அயல்வீட்டு யூதன் இழுத்துச் செல்லப்பட்டபோது வாய்மூடி நின்றனர் என்பதை மறுக்க இயலாது.

முதலில் ஒரு திருத்தம்

யூதர் ஏற்கவில்லை என்ற கூற்றே முழு உண்மையன்று. இயேசுநாதர் யூதர். அவருடைய அன்னை மரியாள் யூதப் பெண். சூசையப்பர், இராயப்பர், அருளப்பர், சின்னப்பர் அனைவரும் யூதரே. பெந்தெகொஸ்தே நாளில் திருமுழுக்குப் பெற்ற ஏறக்குறைய 3,000 பேரும் யூத விசுவாசத்தில் நின்றவர்களே. யூதர் ஏற்றதனாலேதான் நற்செய்தி நம்மிடம் வந்து சேர்ந்தது.

மேலும், அக்காலத்திலேயே யூதரிற் பெரும் பகுதியினர் பலஸ்தீன நாட்டுக்கு வெளியே, அலெக்சாந்திரியாவிலும் உரோமையிலும் பபிலோனியாவிலும் சிதறி வாழ்ந்தனர். அவர்களிற் பலர் இயேசுவைக் கண்டதுமில்லை, அவர் குரலைக் கேட்டதுமில்லை. பிலாத்துவின் முற்றத்தில் நின்ற ஒரு கூட்டத்தின் கூச்சலை, ஒரு முழு இனத்தின் தலைமேல் எக்காலத்துக்கும் சுமத்துவது எந்த நீதிமன்றத்து நியாயம்?

இறைவாக்கு சாதகக் குறிப்பன்று

இனி, தெளிவாக எழுதப்பட்டிருந்தும் என்ற சொற்களைக் கவனிப்போம். இறைவாக்கை நம்மிற் சிலர் சாதகக் குறிப்பைப் போல எண்ணுகின்றனர். நாள், ஊர், ஆள் எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்த்தால் போதும் என நினைக்கின்றனர். உண்மை அதுவன்று.

இசையாஸ் அந்த அடையாளத்தை அறிவித்தது ஆக்காஸ் அரசனுக்கு. ஏறக்குறைய கி.மு. 735இல், வடக்கே இரு அரசர்கள் கூட்டுச் சேர்ந்து யெருசலேமை அச்சுறுத்திய வேளை அது. நடுங்கிக்கொண்டிருந்த அரசனுக்கு அவன் காலத்திலேயே பொருள் தரக்கூடிய அடையாளமொன்று தேவைப்பட்டது. எபிரேய மூலத்தில் அங்குள்ள சொல் இளம்பெண் என்று பொருள்படும். கிரேக்கத்தில் மொழிபெயர்த்த யூத அறிஞர் கன்னி என்று பொருள்படும் சொல்லை வழங்கினர். அந்தக் கிரேக்க வாசகத்தையே மத்தேயு நற்செய்தியாளர் எடுத்தாள்கின்றார். எபிரேயத்தில் மட்டும் வாசித்த யூதன் அந்த வசனத்தில் நாம் காண்பதைக் காணாவிடில், அவனைப் பொய்யன் என்று சொல்லலாமா?

பாடுபடும் ஊழியனின் பகுதியும் அவ்வாறே. எத்தியோப்பிய அரசியின் அதிகாரி தன் தேரில் அமர்ந்து அப்பகுதியை வாசித்துக்கொண்டு வந்தார். இறைவாக்கினர் தம்மைப் பற்றிச் சொல்கிறாரா, வேறொருவரைப் பற்றியா என்று பிலிப்புவிடம் கேட்டார். ஏடு கையிலிருந்தும் பொருள் விளங்கவில்லை. அவர் கேட்டது நேர்மையான கேள்வி. யூத விளக்கவுரையாளருள் புகழ்பெற்றவரும் 1105இல் இறந்தவருமான ரஷி, அந்த ஊழியன் இஸ்ராயேல் மக்களையே குறிப்பதாக விளக்கினார். 1096இல் தம் இனத்தவர் வெட்டுண்ட செய்தி எட்டிய காலத்தில் வாழ்ந்த மனிதர் அவர் என்பதை நினைக்கும்போது, அந்த விளக்கத்தைக் கேலி செய்ய நமக்கு மனம் வராது.

இவ்வளவு ஏன்? அப்போஸ்தலர்களே முன்கூட்டி விளங்கிக்கொள்ளவில்லை. நீரே மெசியா என்று அறிக்கையிட்ட இராயப்பர், மெசியா பாடுபடவேண்டும் என்றதும் ஆண்டவரையே தடுக்கத் துணிந்தார். எம்மாவூஸ் வழியில் நடந்த இருவர் மறைநூலைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆயினும் நம்பிக்கையிழந்தே நடந்தனர். உயிர்த்த ஆண்டவர் கூடவே நடந்து மறைநூலை விளக்கிய பின்னரே அவர்கள் உள்ளம் பற்றியெரிந்தது.

பனங்கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பனை எப்படியிருக்கும் என்று யாராலும் வரைந்து காட்ட முடியாது. வளர்ந்து நிற்கும் பனையைக் கண்டவனோ, இது அந்த விதையினின்று வந்தது என்று தயக்கமின்றிச் சொல்வான். நாம் கிறிஸ்துவைக் கண்டபின் பழைய ஏற்பாட்டைத் திரும்பிப் பார்க்கின்றோம். எல்லாம் அவரில் நிறைவேறக் காண்கின்றோம். 2001இல் பாப்பிறை விவிலிய ஆணைக்குழு யூத மக்களையும் அவர்களது மறைநூலையும் பற்றி வெளியிட்ட ஏட்டில், இறைவாக்குகளை எதிர்கால நிகழ்ச்சிகளை முன்கூட்டி எடுத்த நிழற்படங்களாகக் கருதலாகாது என்று கூறியிருக்கின்றது. யூதரின் மெசியா எதிர்பார்ப்பு வீணானதன்று என்றும் அது சொல்கின்றது.

அப்படியானால் நமது விசுவாசம் தளர்ந்துவிட்டதா? இல்லவே இல்லை. இயேசுவே மெசியா, இறைமகன், உலகனைத்தின் மீட்பர் என்பதில் ஓர் எழுத்தும் குறையாது. ஆனால் அந்த விசுவாசம் இறைவனின் கொடை. கணக்குப் போட்டு நாம் கண்டுபிடித்த விடையன்று. கொடையாகப் பெற்றவன் பெறாதவனை இகழ்வதெப்படி?

யூதர் நம்மிடம் கேட்கும் கேள்வி

1263இல் பார்சலோனா நகரில், அரகொன் அரசன் முதலாம் யாக்கோபுவின் முன்னிலையில் ஒரு வாதம் நடந்தது. ஒருபுறம், யூத மதத்திலிருந்து வந்து சாமிநாதர் சபையிற் சேர்ந்த துறவி ஒருவர். மறுபுறம், மோசே பென் நக்மன் என்னும் யூத அறிஞர். மெசியா வந்தால் மக்கள் வாள்களைக் கலப்பைக் கொழுக்களாக அடிப்பார்கள் என்று இறைவாக்கு சொல்கின்றதே, இயேசுவின் காலம் தொட்டு இன்றுவரை உலகம் வன்முறையாலும் கொள்ளையாலும் நிறைந்தன்றோ இருக்கின்றது, கிறிஸ்தவர்களே அதிகமாக இரத்தம் சிந்துகின்றார்களே என்று அவர் வாதாடினார்.

திருச்சபையிடம் இதற்குப் பதிலுண்டு. மெசியா தாழ்மையில் வந்தார், மகிமையில் மீண்டும் வருவார். இறையரசு தொடங்கிவிட்டது, நிறைவு இனி வரவுள்ளது என்பதே அப்பதில். இது உண்மையான போதனை. ஆயினும் தொடங்கிவிட்டது என்று நாம் சொல்வதை, கேட்பவன் எங்கே பார்ப்பான்? நம்மிடத்தில்தானே பார்க்க வேண்டும்! காணிச் சண்டைக்காக நீதிமன்றம் ஏறிப் பல ஆண்டுகள் பேசாதிருக்கும் சகோதரர், ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கிவிட்டு வெவ்வேறு வாசலால் வெளியேறும்போது, எந்த வாள் கலப்பையாயிற்று? சாதி பார்த்துச் சம்பந்தம் பேசும் கத்தோலிக்க வீட்டில் எந்த இறைவாக்கு நிறைவேறியிருக்கின்றது? யூதர் ஏன் ஏற்கவில்லை என்ற கேள்விக்கு விடை தேடிப் போனால், அந்தப் பாதை நம் வீட்டு வாசலுக்கே வந்து முடிகின்றது.

புனித சின்னப்பரின் பதில்

இந்தக் கேள்வி யாரையும்விடச் சின்னப்பரை அதிகம் வாட்டியது. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 9ஆம் அதிகாரம் முதல் 11ஆம் அதிகாரம் வரை நிதானமாக வாசித்துப் பாருங்கள். தம் இனத்தாருக்காகத் தாமே கிறிஸ்துவிடமிருந்து பிரிக்கப்படவும் ஆயத்தம் என்னும் அளவுக்கு அவர் துயருறுகின்றார். அவர் எழுத்தில் துயரம் உண்டு, இகழ்ச்சி இல்லை.

புறவினத்தாராகிய நம்மைக் காட்டு ஒலிவமரத்தின் கிளைகளுக்கு அவர் ஒப்பிடுகின்றார். ஒட்டுமா வைத்தவர்கள் நம்மிடையே பலருண்டு. நல்ல சாதிக் கிளையைச் சாதாரண அடிமரத்தில் ஒட்டுவதே வழக்கம். சின்னப்பரோ தலைகீழாகச் சொல்கின்றார்: காட்டுக் கிளை நல்ல மரத்தில் ஒட்டப்பட்டது, இது இயல்புக்கு மாறான இரக்கம். ஆகவே, கிளையே, பெருமை பாராட்டாதே; வேரை நீ தாங்கவில்லை, வேரே உன்னைத் தாங்குகின்றது என்பது அவரது எச்சரிக்கை. இறைவன் கொடுத்த வரங்களையும் அழைப்பையும் திரும்பப் பெறுவதில்லை என்றும், இறுதியில் இஸ்ராயேல் முழுவதும் மீட்படையும் என்றும், இது ஒரு மறைபொருள் என்றும் அவர் முடிக்கின்றார். எப்பொழுது, எப்படி என்று அவர் கணக்குச் சொல்லவில்லை. இறை ஞானத்தின் ஆழத்தை வியந்து போற்றியே எழுதுகோலை வைக்கின்றார்.

திருச்சபை நடந்து வந்த வழி

திரிதெந்து சங்கத்தின் பின் 1566இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், கிறிஸ்துவின் பாடுகளுக்குப் பாவிகள் அனைவருமே காரணம் என்றும், அவரை அறிந்தும் பாவஞ்செய்யும் நமது குற்றம் யூதரின் குற்றத்தினும் பெரியது என்றும் போதித்தது. அந்தப் போதனை ஏட்டிலிருந்தும் பலர் உள்ளத்தில் இறங்கவில்லை.

1959இல் பாப்பரசர் 23ஆம் அருளப்பர், பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரைக் குறித்து வழங்கிய இழிவான அடைமொழியை நீக்குவித்தார். மறுவருடம் ஜூன் மாதத்தில் ஜூல் இசாக் என்னும் பிரெஞ்சு யூத வரலாற்றாசிரியர் அவரைச் சந்தித்தார். நாசிகளிடம் மனைவியையும் மகளையும் பறிகொடுத்த அந்த முதியவர், யூதரை இகழக் கற்பிக்கும் போதனையை நிறுத்தும்படி வேண்டினார். கர்தினால் அகுஸ்தீன் பெயாவிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. அதன் கனியாக 1965 ஒக்டோபர் 28ஆந் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, கிறிஸ்துவின் பாடுகளுக்கான பழியை அக்கால யூதர் அனைவர்மீதும் வேறுபாடின்றியோ, இக்கால யூதர்மீதோ சுமத்தலாகாது என்றும், யூதர் இறைவனால் தள்ளப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ காட்டப்படலாகாது என்றும் தெளிவாகக் கூறியது. 1986 ஏப்ரில் 13ஆந் திகதி பாப்பரசர் 2ஆம் அருள் சின்னப்பர் உரோமையிலுள்ள யூத செபக்கூடத்துக்குச் சென்று, அவர்களை நமது மூத்த சகோதரர் என்று அழைத்தார். 2015 டிசெம்பரில் வெளிவந்த வத்திக்கான் ஏடொன்று, யூதரை மனந்திருப்புவதற்கென்று தனி அமைப்பு முறைப் பணியைத் திருச்சபை நடத்துவதுமில்லை, ஆதரிப்பதுமில்லை என்று கூறியது. அதேவேளை, நமது விசுவாசத்துக்குத் தாழ்மையுடன் சாட்சி பகர வேண்டும் என்றும் சொல்லியிருக்கின்றது.

நாட்கணக்குப் பார்ப்போருக்கு ஒரு சொல்

1948இல் இஸ்ராயேல் என்ற அரசு உருவானதையும், அதன் பின் நடந்த போர்களையும் காட்டி, உலக முடிவுக்கு நாட்குறிக்கும் துண்டுப்பிரசுரங்கள் நம் வீடுகளுக்கும் வருகின்றன. அவற்றைக் கண்டு கலங்க வேண்டாம். அந்த அரசின் இருப்பையும் அதன் அரசியல் முடிவுகளையும் சமயக் கண்ணோட்டத்தில் அன்றி, சர்வதேசச் சட்டத்தின் பொது நெறிகளுக்கேற்ப நோக்க வேண்டுமென்று 1985இல் வத்திக்கான் வழிகாட்டியது. இறைவாக்கின் பெயரால் யூதரை வெறுப்பதும் பாவம்; அதே இறைவாக்கின் பெயரால் பலஸ்தீன மக்களின் கண்ணீரைக் காணாதிருப்பதும் பாவம். காலங்களையும் நேரங்களையும் அறிவது உங்களுக்குரியதன்று என்று ஆண்டவரே தம் சீடருக்குச் சொல்லிவிட்டார்.

பெற்றோரே, ஆசிரியர்களே

பெரிய கிழமையில் வியாகுலப் பிரசங்கம் கேட்டும், பாடுகளின் காட்சி பார்த்தும் வளர்ந்தவர்கள் நாம். அந்த நல்ல மரபை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் மேடையில் கொடுமை செய்பவர்களை மட்டும் யூதர் என்று காட்டி, அழும் மரியாளையும் உடலைச் சுமக்கும் அரிமத்தியா ஊர் சூசையையும் யூதரல்லாதவர் போலக் காட்டினால், பிள்ளைகளின் நெஞ்சில் விஷம் விதைக்கின்றோம். யூதர் என்ற சொல்லும் யூதாஸ் என்ற பெயரும் நம் தமிழில் காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பதால், இரண்டும் ஒன்றென்றே எண்ணும் சிறுவர் இருக்கக்கூடும். அவர்களை அருகிலிருத்தித் திருத்துவது நமது கடமை. இயேசு யூதத் தாயின் மடியில் யூத செபங்களைக் கற்றார் என்று சொல்லிக்கொடுங்கள்.

யூதர் மெசியாவின் வருகைக்காகக் காத்திருக்கின்றனர். நாம் அவரது மறுவருகைக்காகக் காத்திருக்கின்றோம். இஸ்ராயேல் முழுவதும் அவரை ஏற்கும் அந்த நாளுடன் ஆண்டவரின் மகிமையான வருகை பிணைந்திருப்பதாகத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கின்றது. அந்த நாளை வருவிப்பது நமது வாதத்திறமையன்று. இறைவனின் வேலை அது. அவர் வரும்வரை நம்மிடம் கேட்கப்படுவது ஒன்றே: மெசியா வந்துவிட்டார் என்று நாவால் அறிக்கையிடும் நாம், வந்தவரின் அடையாளம் நமது வீட்டிலும் ஊரிலும் காணக் கிடைக்கும்படி நடப்போமாக.