அடுக்களையும் மலையும்

மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே தீ இருக்கிறது. இந்தியத் தருக்கம் படிக்கப் புகும் எவரும் முதலில் சந்திக்கும் எடுத்துக்காட்டு இதுதான். நியாய மரபைச் சேர்ந்த நையாயிகர் ஒரு நிபந்தனையும் வைப்பார்: புகையும் தீயும் சேர்ந்திருப்பதை அடுக்களையில் முன்பே கண்டிருக்க வேண்டும். கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்கும் சார்வாகர் அதற்கும் மசியமாட்டார். அடுக்களையில் கண்டது மலைக்கும் பொருந்தும் என்பதற்கு என்ன உறுதி?

புகையை விட்டுவிட்டு மலையைப் பற்றியே இந்த வழக்கை நடத்தினால் அது இன்னும் சூடுபிடிக்கும்.

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் லூயிசியன் நைஸ் என்ற பாறை கிடக்கிறது. அதன் மிகப் பழைய பகுதிகளுக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு. பூமிக்கடியில் ஒரு முறையல்ல, பல முறை வெந்து நசுங்கி மடிந்த பாறை அது. கறுப்பும் வெளுப்புமாக வரிகள் ஓடும். எந்த வரி எந்த நசுக்கலில் வந்தது? வெறுமனே பார்த்துச் சொல்ல முடியாது. கண்ட சாட்சியும் இல்லை.

ஜான் சட்டன், ஜேனட் வாட்சன் என்ற தம்பதி 1951-இல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். ஸ்கௌரி என்ற ஊரருகே, நைஸின் வரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கரிய டைக்குகள் நிற்கின்றன. டைக் என்பது பாறை வெடிப்புக்குள் உருகிய குழம்பு புகுந்து இறுகிய சுவர். வெட்டுப்பட்ட வரி டைக்குக்கு மூத்தது, அதில் சந்தேகமில்லை. சற்று வடக்கே லாக்ஸ்ஃபோர்ட் பக்கம் போனால் அதே வகை டைக்குகள் மெலிந்து இழுபட்டு, நைஸின் வரியோடு வரியாகப் படுத்துவிடுகின்றன. அங்கே டைக்கே நசுங்கியிருக்கிறது. ஆக, டைக்குக்கு முன் ஒரு காலம், பின் ஒரு காலம். ஒரே கல் என்று தோன்றியதில் இரண்டு வரலாறுகள் பிரிந்தன.

சரி, இதற்கு அடுக்களை எங்கே? அதையும் ஸ்காட்லாந்துக்காரர்களே கட்டினார்கள். நிலவியலாளர் ஹட்டனின் நண்பர் ஜேம்ஸ் ஹால் மேசைமேல் துணிகளை அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, இரு பக்கமும் நெருக்கினார். கடற்கரைப் பாறையில் அவர் கண்ட மடிப்புகள் துணியில் எழுந்தன. 1880-களில் ஹென்றி காடெல், பெட்டிக்குள் அடுக்கிய படலங்களை ஒரு பக்கத்திலிருந்து தள்ளி, ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி ஏறவைத்தார். சார்வாகர் சிரிக்கக்கூடும்: துணி எங்கே, மலை எங்கே! சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பிடம் மடிப்புக்கு வேறு விளக்கம் எதுவும் இல்லை.

டைக் வாதத்துக்கு மெய்யான ஆபத்து வேறு திசையிலிருந்து வந்தது. மணிமேகலையில் அறவண அடிகள் விரித்துரைக்கும் ஏதுப்போலி, அதாவது சான்றுபோல் தோன்றும் போலிச் சான்று, இங்கே நினைவுக்கு வரும். ஸ்கௌரி டைக்குகள் எல்லாம் ஒரே காலத்தவைதானா? இல்லையென்றால் முன், பின் என்று பிரிக்க அவை போலிச் சான்றாகிவிடும். 1989-இல் வெளியான யுரேனியம்–ஈய வயதுக் கணக்கு, ஒரு டைக்கை 241 கோடி ஆண்டுக்கும் மேலாகவும் இன்னொன்றை 199 கோடி ஆண்டு அளவிலும் நிறுத்தியது. இடையே 40 கோடி ஆண்டு! முன், பின் என்ற எல்லைக்கோடே அத்தனை அகலமாகிவிட்டது.

சட்டனும் வாட்சனும் பிரித்த வரிசை அதனால் கவிழவில்லை. வெட்டியது இளையது என்ற விதி அப்படியே நிற்கிறது. ஆனால் ஸ்கௌரியும் லாக்ஸ்ஃபோர்டுக்கு வடக்கேயுள்ள நிலமும் டைக்குகளுக்கு முன்பும் ஒரே நிலமாக இருந்தனவா, வெவ்வேறு துண்டுகள் பிற்பாடு ஒட்டிக்கொண்டனவா என்று பாறையின் வயது சொல்லும் சிர்கான் கனிம மணிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். நைஸ் அங்கே மழையில் நனைந்து கிடக்கிறது.