கூட்டணுமா, பெருக்கணுமா?

ஜூஜுவாடியில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வீட்டு முகப்புகளில் அதிகம் தென்படும் பலகைகள் இரண்டு: ‘வீடு வாடகைக்கு’, ‘அபாகஸ் வகுப்பு’. இரண்டுமே சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த குடும்பங்களை நம்பித் தொங்குபவை. அப்பா ஒரு ஷிப்டு, அம்மா இன்னொரு ஷிப்டு. இடைப்பட்ட சாயங்காலத்தில் பிள்ளை மாடியேறி அபாகஸுக்குப் போகிறது.

எங்கள் மாடியிலும் ஒன்று நடக்கிறது. சட்டத்தின் ஒவ்வொரு கம்பியிலும் கீழே நான்கு மணி, மேலே ஒன்று. கீழ்மணிக்கு மதிப்பு 1, மேல்மணிக்கு 5. எட்டோடு ஏழைக் கூட்ட வேண்டும். ஆனால் தள்ள மணி போதாது. ஏழைப் பத்தாக்கும் ‘பிக் பிரண்ட்’ மூன்று. அந்த மூன்றைக் கழித்துவிட்டு அடுத்த கம்பியில் பத்தைச் சேர்த்தால் பதினைந்து. நாளடைவில் சட்டம் பைக்குள் போய்விடும். பிள்ளைகள் கண்ணை மூடி, இல்லாத மணிகளைக் காற்றில் விரலால் தள்ளுவார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அந்த வகுப்பில் கெட்டிக்காரி ஒருத்தி. பத்து வரிக் கூட்டலை ஆசிரியை வாசித்து முடித்த கையோடு விடை சொல்லிவிடுவாள். ஒருநாள் காய்கறிக் கடையில் நின்றாள். பீன்ஸ் கால் கிலோ 18 ரூபாய். “முக்கால் கிலோ எவ்வளவு ஆச்சு, நீயே சொல்லு பாப்பா” என்றார் கடைக்காரர். விரல்கள் எழுந்தன, எழுந்த இடத்திலேயே நின்றன. “அங்கிள், கூட்டணுமா, பெருக்கணுமா?” பின்னால் நின்ற பாட்டி தனக்குள் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்து, “அம்பத்திநாலு” என்றார்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வியாபாரம் செய்யும் சிறுவர்களைப் பற்றி அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழுவினர் 2025-இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எடைக்கு விலை, மீதிச் சில்லறை என்று மனக்கணக்கில் பிசகாத அந்தச் சிறுவர்கள், பள்ளிப் பாணியில் எழுதித் தந்த கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள்.

அதற்காக அபாகஸை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். வதோதராவில் டேவிட் பார்னர், மைக்கேல் ஃபிராங்க் குழுவினர் பள்ளிக் குழந்தைகளை மூன்று ஆண்டுகள் கவனித்து 2016-இல் எழுதியதன்படி, அபாகஸ் கற்றவர்களுக்குக் கூட்டல் கழித்தல் திறன் கூடத்தான் செய்தது. ஆனால் நினைவாற்றல் போன்ற பொதுவான மனத்திறன்கள் அதனால் வளரவில்லை. நோட்டீசில் கொட்டை எழுத்தில் போடுவது என்னவோ அதைத்தான்!

எந்தக் கணக்கைப் போடுவது என்கிற அறிவு வேறு வழியாக வருகிறது. காசைக் கையில் கொடுத்துக் கடைக்கு அனுப்பி, மீதியை எண்ணி வாங்கிய வீடுகளில் அது தானாக வந்தது. இப்போது அப்பா ஷிப்டு முடிந்து வரும் வழியில் ஸ்கேன் பண்ணி வாங்கி வந்துவிடுகிறார். பிள்ளையின் கண்ணில் சில்லறையே படுவதில்லை. பெற்றவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நேரம் இல்லாதவர்கள், பிள்ளைக்குத் தர வேண்டிய நேரத்தை மாதக் கட்டணம் கட்டி வாங்குகிறார்கள்.

என்னை உறுத்துவது வேறொன்று. இந்த வீடுகளில் உயிருள்ள கணக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஓவர்டைம் எத்தனை மணி, பி.எஃப். பிடித்தம் போக எவ்வளவு, சீட்டை இந்த மாதம் தள்ளி எடுக்கலாமா, ஊருக்கு அனுப்ப என்ன மிஞ்சும். பிள்ளை பக்கத்தில் வந்தால் பேச்சு நின்றுவிடும். “உனக்கெதுக்கு அதெல்லாம், நீ போய்ப் படி.” கணக்கில் புலியாகட்டும் என்று காசு கட்டுகிறவர்கள், சொந்தக் கணக்கை மட்டும் அதன் கண்ணில் காட்டுவதில்லை. வறுமை தெரியக்கூடாது என்ற பாசம் அதில் பாதி, மானம் பாதி.

அந்தச் சிறுமியின் அப்பாவிடம் ஒரு யோசனை சொன்னேன். வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசம். வீட்டு ஓனரோ சப்-மீட்டரைப் பார்த்து முதல் யூனிட்டிலிருந்தே காசு வாங்குகிறார். “மீட்டரைக் குறிச்சுக் கொடுங்க, பாப்பா கணக்குப் போடட்டும். கூட்டணுமா, கழிக்கணுமான்னு அவளே முடிவு பண்ணுவா.”

அவர் பதறிவிட்டார். “வேணாம் சார். சரியாப் போட்டுட்டா நேரா ஓனர்கிட்டப் போய்க் கேட்டுருவா. அப்புறம் நாங்க எங்க வீடு தேடுறது?”