பற்றற்றவன் கையில் தூலிகை

சீன தேசத்தைத் தாங் வம்சத்தார் ஆண்ட காலத்தில், ஹான் யூ என்னும் பேரறிஞர், காவ் சியென் என்ற பௌத்தத் துறவிக்கு வழியனுப்புரையாக ஒரு சிறு கட்டுரை எழுதிக் கொடுத்தார். விடைகொடுக்கும் உபசாரத்துக்காக எழுதப்பட்டதாயினும் அதற்குள் ஒரு முள் இருக்கிறது. ஆயிரத்திருநூறு ஆண்டுகள் கழிந்தும் அதன் கூர் மழுங்கவில்லை. காவ் சியென் தூலிகையால் எழுதும் விரைவெழுத்தில் பெயர் பெற்றவர். பிறப்பையும் இறப்பையும் ஒன்றாகக் கருதி, விருப்பு வெறுப்புகளைத் துடைத்துவிட்டு, எதனாலும் அசையாத சித்தத்தோடிருப்பதே உம்முடைய மார்க்கம் என்றால், அந்தச் சித்தத்திலிருந்து உயிருள்ள எழுத்து எவ்வாறு பிறக்கும் என்று அவரை நோக்கி ஹான் யூ வினவினார். தமக்கு முன்னிருந்த எழுத்துக் கலைஞர் ஜாங் சூவை அவர் சான்றாகக் காட்டினார். மகிழ்ச்சி, கோபம், துயரம், ஏக்கம் என்று நெஞ்சில் எது எழுந்தாலும் அதைத் தூலிகையில் இறக்கியவர் ஜாங் சூ. மலையும் நீரும், இடியும் மழையும், ஆடலும் போரும் அவர் எழுத்தில் வந்து புகுந்தன. அத்தகைய கொந்தளிப்பு எதுவுமில்லாதவர் ஜாங் சூவின் வழியில் நடக்க எண்ணினால், சுவட்டைத்தான் பிடிப்பாரேயன்றி நெஞ்சைப் பிடிக்கமாட்டார் என்பது ஹான் யூவின் வாதம்.

இந்த வினாவை மரத்தச்சையோ மட்பாண்டத்தையோ முன்னிட்டு எழுப்பாமல் எழுத்தை முன்னிட்டு எழுப்பியதற்குக் காரணம் உண்டு. சீனத் தூலிகை விலங்கின் உரோமத்தால் ஆனது. தாளோ மசியைக் கண்டவுடன் குடித்துவிடுவது. இழுத்த கோட்டைத் திருத்துவது அங்கே வழக்கமில்லை. திருத்தினால் அது தெரிந்துவிடும். எந்தக் கோட்டின்பின் எந்தக் கோடு என்ற வரிசையும் விதிக்கப்பட்டிருப்பதால், எழுதி நூற்றாண்டுகள் சென்ற பின்னும், பார்ப்பவன் முதற்புள்ளியில் தொடங்கி அந்தக் கை சென்ற வழியே தானும் சென்று, அது எங்கே தயங்கிற்று, எங்கே பாய்ந்தது, எங்கே மசி வற்றிற்று என்பதையெல்லாம் அறிந்துகொள்ளலாம்.

ஆயினும் எல்லா லிபிகளும் எழுதியவனை ஒரே அளவில் காட்டிவிடுவதில்லை. சின் பேரரசு நாட்டை ஒன்றாக்கிய காலத்தில் சீர்செய்யப்பட்ட முத்திரை லிபியில், கோடுகள் யாவும் ஒரே பருமனில், இரு முனைகளும் உருண்டு, கம்பியை வளைத்து வைத்தாற்போல் நிற்கும். எழுதியவன் முகம் அங்கே திரைக்குப் பின்னால் இருக்கிறது. ஹான் வம்சக் காலத்து எழுத்தர்களின் லிபி குட்டையாகவும் அகலமாகவும் அமர்ந்து, முக்கியமான கிடைக்கோட்டின் கடையை மட்டும் மேல்நோக்கி வீசிவிடும். அந்தக் கோட்டின் தொடக்கத்தைப் பட்டுப்புழுவின் தலை என்றும், கடையைக் காட்டு வாத்தின் வால் என்றும் சீனர் வருணிப்பர். நேர்லிபியில் ஒவ்வொரு கோடும் தொடங்கி, அழுந்தி, எழுந்து, முடிகிறது. நடைலிபியில் அடுத்தடுத்த கோடுகள் கைகோத்துக்கொள்கின்றன. கடைசியாக விரைவெழுத்து: புல் என்று பொருள்படும் சொல்லாலேயே அதை வழங்குகிறார்கள். அங்கே ஓர் எழுத்து மற்றோர் எழுத்தில் கரைந்து, சில வேளை ஒரு வரி முழுவதும் ஒரே இழுப்பில் ஓடிவிடுகிறது. மறைந்துகொள்ள இடமில்லாத லிபி அதுவே. ஹான் யூ தம் வினாவுக்கு அதைத் தேர்ந்துகொண்டது நியாயந்தான்.

அவர் பக்கம் பேசும் சாட்சியும் வலிமையானது. ஆன் லூஷானின் கலகத்தில், யென் ஜென்சிங் என்னும் அரசவை அறிஞரின் சகோதர வழி மகன் கொல்லப்பட்டான். அடக்கம் செய்வதற்குக் கிடைத்தது அவன் தலை மட்டுமே. 758-ஆம் ஆண்டில் அவனுக்காக யென் எழுதிய இரங்கலுரையின் வரைவு இன்றும் தைப்பே அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேர்லிபியில் அரண்மனை வாயில் போன்ற கம்பீரத்தை நிறுவியவர் அவர். அதே கை இங்கே தேதியையும் பதவிப் பெயரையும் நிதானமாக எழுதத் தொடங்கி, மரணத்தைச் சொல்லும் இடத்தை அடைந்ததும் அடிக்கிறது, திருத்துகிறது, மசி தீர்ந்த தூலிகையை மீண்டும் தோய்க்கவும் மனமின்றி வறண்ட நாராக இழுத்துக்கொண்டே போகிறது. அழகாக எழுத வேண்டும் என்ற எண்ணம் அதில் துளியுமில்லை. அதைப் பார்த்த பிறகு, வேதனையில்லாமல் எழுத்தில்லை என்று ஒருவர் சொன்னால் மறுப்பதற்கு நா எழாது.

ஆனால் ஹுவாய் சூ என்ற துறவியின் சுயசரிதைச் சுருள் வேறு கதை சொல்கிறது. 777-ஆம் ஆண்டினதான அது ஏழு மீட்டருக்கு மேல் நீளமுடையது. மது அருந்திவிட்டுச் சுவர்களிலெல்லாம் எழுதியவர் என்று பெயரெடுத்தவர் அவர்; சுருளும் அடக்கத்தோடு தொடங்கி, போகப் போக வெறிகொண்டு, முடிவை நெருங்குகையில் இரண்டே எழுத்துகள் பல எழுத்துகளின் இடத்தை விழுங்குமளவுக்குப் பெருத்துவிடுகிறது. பிறர் தம்மைப் புகழ்ந்தவற்றையே அதில் பெரிதும் தொகுத்து வைத்திருக்கிறார் என்பதால், அவரைப் பற்றற்றவர் என்று நான் வாதிக்கப் போவதில்லை. நான் காட்ட விரும்புவது அந்தச் சுருளில் கோடு ஓடும் விதத்தை. வரிகள் புயலாகச் சுழல்கின்றன; கோடோ தடித்தும் மெலிந்தும் தள்ளாடாமல், முத்திரை லிபியின் கோட்டைப் போலவே ஏறக்குறைய ஒரே பருமனில், உருண்டு, திடமாக ஓடுகிறது. தூலிகையின் நுனி கோட்டின் நடுவை விட்டு விலகாமல் சென்றாலன்றி இது கைகூடாது. இத்தனை சுழற்சியிலும் அந்த நுனி சாயவில்லை. அலைவதெல்லாம் வடிவந்தான், உள்ளே ஓடும் அச்சு அலையவேயில்லை.

இங்கேதான் ஹான் யூ ஒரு சொல்லின் பொருளில் வழுக்கினார் என்று எண்ணுகிறேன். அதே வழுக்கல் தமிழிலும் நேர்ந்திருக்கிறது. உபேட்சை என்றால் நாம் அசட்டை, புறக்கணிப்பு என்று கொள்கிறோம். பௌத்தத்தில் அச்சொல் மைத்திரி, கருணை, முதிதை என்னும் மூன்றோடும் சேர்த்து நான்காவதாக எண்ணப்படும் மேலான நிலை. பிறர் துயரில் உருகுவதும் பிறர் இன்பத்தில் மகிழ்வதும் அதற்குப் பகையல்ல, உடன்பிறந்தவை. அவற்றால் சாயாமலிருப்பதுதான் உபேட்சை. ஹான் யூவோ அதை ஈரம் வற்றிய நெஞ்சமாகவே கண்டார். சோங் காலத்துக் கவி சூ ஷி, ஒரு துறவி நண்பருக்கு எழுதிய கவிதையில் இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு, அமைதியாயிருப்பவனுக்கே அசைவுகளெல்லாம் புலனாகும், வெறுமையாயிருப்பவனுக்குள்ளேதான் காட்சிகளெல்லாம் இடம்பெறும் என்ற கருத்தில் விடை சொன்னார்.

விடையைக் கவிதையில் சொல்வது வேறு, கையால் காட்டுவது வேறு. காட்டியவர் என்று நான் கருதுவது ஹோங்யி என்னும் துறவியை. 1880-இல் பிறந்து, தோக்கியோவில் ஓவியம் பயின்று, இசையிலும் நாடகத்திலும் புகழ்பெற்றிருந்த அவர், 1918-இல் ஹாங்சோ நகரில் தலை மழித்துக்கொண்டபோது கலைகளையெல்லாம் துறந்து எழுத்து ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். இளமையில் அவர் எழுத்து, வடவெய் வம்சக் காலத்துக் கற்பலகைகளைப் பயின்றதன் பயனாக, உளியால் செதுக்கியதுபோல் கட்டமும் முறுக்குமாக இருந்தது. சூத்திரங்களை எழுதி எழுதி ஆண்டுகள் சென்றபோது கோணங்கள் தேய்ந்தன. எழுத்துகள் மெலிந்து உயர்ந்தன. கோடுகள் ஒன்றையொன்று இடிக்காமல் விலகி நின்றன. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில் வெண்மை பெருகிற்று. இதைக் கண்டால் ஹான் யூ, நான் சொன்னபடியே வற்றிவிட்டது என்று மகிழ்ந்திருக்கக் கூடும்.

1942-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ச்சுவான்சோ நகரில், அவர் இறுதி நோயில் கிடந்தார். தமிழ் வணிகர் சிவாலயம் எடுத்து 1281-இல் தமிழ்க் கல்வெட்டும் பொறித்து வைத்த துறைமுகம் அது. மரணத்துக்கு மூன்று நாள் முன்பு ஒரு தாளில் நான்கே எழுத்துகள் எழுதினார். துயரமும் மகிழ்ச்சியும் கலந்து வருகின்றன என்பது அவற்றின் பொருள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேணிய அந்த ஒழுங்கு அங்கே இல்லை. கோடுகள் நடுங்குகின்றன, மசி ஓரிடத்தில் ஊறி ஓரிடத்தில் வறள்கிறது, எழுத்துகள் நடைலிபியில் ஒன்றை நோக்கி ஒன்று சாய்கின்றன. பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு சூத்திரத்தின் பெயரையும் குறித்துவிட்டுத் தூலிகையை வைத்துவிட்டார்.